மூச்சின் எல்லை

சிங்கப்பூரின் ஜூரோங் வட்டாரப் பள்ளிகளின் வாத்தியக் குழுக்களில் கிளாரினெட் கூட்டத்தோடு கலந்தே ஒலிக்கிறது. அதன் உண்மையான அழகை அறிய, பியானோவோடு அதைத் தனியே விட வேண்டும் என்பேன். இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட் 1978இல் வயலினுக்கும் பியானோவுக்கும் எழுதிய ‘ஸ்பீகல் இம் ஸ்பீகல்’ படைப்பின் கிளாரினெட் வடிவம் இதற்குச் சான்று. பியானோவின் சுரம் சுத்தியல் தந்தியைத் தொட்டதுமே தேயத் தொடங்குகிறது. கிளாரினெட்டின் சுரமோ ஏறக்குறைய நிசப்தத்திலிருந்து முளைத்து, மூச்சுள்ளவரை நிற்கிறது, வளரவும் செய்கிறது. இப்படைப்பின் மெட்டு ஒரு மையச் சுரத்தைச் சார்ந்து, படிப்படியாகச் சுரம் கூடி நீள்கிறது. வயலின் வாசிப்பவர் வில்லைத் திருப்பிக்கொள்ளலாம். ஊதுபவருக்குப் பொதுவாக அந்த வசதி இல்லை. மெட்டின் அடி நீள நீள மூச்சின் எல்லை நெருங்குவதைக் கேட்பவரும் உணர்கிறார். தியானத்தன்மை பிறப்பது அங்கேதான்.

கமகமில்லாத இந்த இசை வெறும் திருப்பிச் சொல்லல் என்று கர்நாடக இசை பழகிய காது மறுக்கலாம். கர்நாடக இசைக் கலைஞர் ஏ.கே.சி. நடராஜன் இதே கருவியில் கமகங்களைக் குழைத்துக் காட்டியவர். ஆகவே அந்த மறுப்பு நியாயமானதே. ஆனால் ஆலாபனையிலும் ஒரு சுரத்தில் நின்று அதைச் சுற்றி மெல்ல விரிவது உண்டல்லவா? அசைவை அடக்கும்போது, சுரம் எழும் விதமும் அடங்கும் விதமுமே இசையாகின்றன. குழுவில் உரக்க ஊதிப் பழகிய மாணவருக்கு அந்த மெல்லிய தொடக்கம் மிகக் கடினம். ஆசிரியர்கள் அதைச் சீக்கிரமே கற்றுத்தர வேண்டும்.