ரன் கணக்கில் வராத தோண்டல்

ஆங்கிலக் கிரிக்கெட் வர்ணனையில் பந்து வெறுமனே அடிபடுவதில்லை. வெட்டப்படுகிறது, கொத்தப்படுகிறது, சீவப்படுகிறது, தோண்டி எடுக்கப்படுகிறது. களத்தடுப்பு துளைக்கப்படுகிறது. ஸ்கோர் அட்டைக்கு வந்ததும் இவை எல்லாம் ஒன்று, இரண்டு, நான்கு என்று எண்களாகச் சுருங்கிவிடுகின்றன. கை செய்த வேலை எப்படிப்பட்டது என்பதை அந்த வினைச்சொற்கள்தான் காப்பாற்றி வைக்கின்றன.

நமக்கு நன்றாகப் பழகியது 'கட்'. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே குட்டையாக வரும் பந்தைக் கிடைமட்டமான மட்டையால் பாயிண்ட் பக்கம் திருப்பும் ஸ்கொயர் கட்டில் வலிமைக்கு அதிக வேலையில்லை. பந்தின் வேகத்தை வாங்கிக்கொண்டு மணிக்கட்டைச் சுழற்றினால் போதும். ஆனால் பந்து உடம்பைத் தாண்டும் நொடிவரை காத்திருக்கும் நெஞ்சுரம் வேண்டும். 1975 ஜனவரியில் சேப்பாக்கத்தில் ஆண்டி ராபர்ட்ஸ் 7 விக்கெட் எடுத்து இந்தியாவை 190 ரன்களுக்குச் சுருட்டினார். அதில் 97 ரன் ஆட்டமிழக்காமல் நின்ற குண்டப்பா விஸ்வநாத்துடையது. சதத்துக்கு மூன்று ரன் குறைவு. ஆனாலும் கட் ஷாட்டைப் பற்றிப் பேசும்போது சென்னை ரசிகர்கள் இன்றும் அவர் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். இதே ஷாட்டை உடம்புக்கு மிக நெருக்கமான பந்துக்கு ஆடிப் பாருங்கள். கையை வீச இடமிருக்காது, மட்டை மேலிருந்து செங்குத்தாக இறங்கும், உள்விளிம்பில் பட்ட பந்து ஸ்டம்பில் போய் விழும். அதைத்தான் 'சாப்' என்கிறார்கள். அரையடி இடம்தான் இரண்டுக்கும் வித்தியாசம்.

பந்துவீச்சாளரும் வெட்டுகிறார். 'கட்டர்' போடும்போது கை வழக்கமான வேகத்தில்தான் சுழலும். விரல்கள் மட்டும் பந்தைப் பக்கவாட்டில் இழுத்து விடும். அதனால் பந்தின் வேகம் குறையும், ஆடுகளத்தைப் பிடித்துத் திரும்பும். கையைப் பார்த்து ஆடும் மட்டையாளர் ஷாட்டை முன்கூட்டியே முடித்துவிடுவார். 2015 ஜூனில் மீர்பூரில் இந்தியாவுக்கு எதிரான தன் முதல் இரண்டு ஒருநாள் போட்டிகளிலேயே முஸ்தாஃபிசுர் ரஹ்மான் 11 விக்கெட் எடுத்தபோது, அவருடைய ஆஃப் கட்டரை நம் மட்டையாளர்களால் கணிக்கவே முடியவில்லை. 2024 ஐபிஎல்லில் அவரே சென்னையின் மஞ்சள் சட்டையில் சேப்பாக்கத்தில் பெங்களூருவுக்கு எதிராக 29 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்தார்.

களத்தடுப்பைத் துளைப்பதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு ஆட்களுக்கு நடுவிலிருக்கும் இடைவெளியைப் பந்து வருமுன்பே மனத்தில் குறித்து வைப்பது அது.

என் மனம் ஒட்டிக்கொள்வது 'டிக்' என்ற சொல்லில். பந்துவீச்சாளர் பந்தைக் குட்டையாக ஓங்கிக் குத்தி எழுப்பினாலும் அதே வினைதான், காலடியில் விழும் யார்க்கரை மட்டையாளர் தோண்டி எடுத்தாலும் அதே வினைதான். இரண்டாவது வேலை எவ்வளவு கடினம் என்பதற்கு 2024 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் பும்ரா ஆலி போப்புக்குப் போட்ட பந்து சாட்சி. உயரத் தூக்கிய மட்டை கீழே வந்து சேருமுன் ஸ்டம்புகள் பிடுங்கி எறியப்பட்டன. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனின் யார்க்கருக்கு 2020 ஐபிஎல்லில் டிவில்லியர்ஸே தப்பவில்லை. இப்படிப்பட்ட பந்தைத் தப்பவிடாமல் மட்டையின் அடிநுனியால் நெம்பித் தள்ளியவருக்குக் கிடைப்பது ஒரு ரன், பல நேரம் அதுவும் இல்லை.

மூன்றாவது பொருளில் மட்டையாளர் தன்னையே கிரீஸில் புதைத்துக்கொள்கிறார். 2021 ஜனவரி, சிட்னி. வெற்றி இலக்கு 407. புஜாரா 205 பந்துகளில் 77 எடுத்து வெளியேறியபோது இந்தியா 5 விக்கெட்டுக்கு 272. ஜடேஜாவின் கட்டைவிரல் உடைந்திருந்தது. விஹாரிக்குத் தொடைத்தசை கிழிந்து ஓட முடியவில்லை. அஸ்வினுக்குக் குனிய முடியாத முதுகுவலி. ஸ்டார்க், கம்மின்ஸ், ஹேசல்வுட், லயன் என நால்வரும் மாறி மாறி வந்தார்கள். உடம்பில் அடி வாங்கியும் விஹாரியும் அஸ்வினும் பிரியவில்லை. விஹாரி 161 பந்துகளில் 23, அஸ்வின் 128 பந்துகளில் 39. ஆட்டம் டிரா. அந்த டிரா இல்லாமல் பிரிஸ்பேனில் தொடரை வென்றிருக்கவே முடியாது. இருந்தும் அட்டையில் இவை சாதாரண எண்கள். அந்தத் தொடரின் மிகச் சிறந்த மட்டைவீச்சாக எதைச் சொல்வாய் என்று கேட்டால், தயங்காமல் விஹாரியின் அந்த 23ஐச் சொல்வேன்.

வாலிபாலைப் பாருங்கள். எதிரணியின் ஸ்மாஷ் தரையைத் தொடுமுன் முன்கையால் எடுத்துக் கொடுப்பதற்கு அங்கேயும் 'டிக்' என்றே பெயர். சர்வதேச ஆட்டத்தில் 1998 முதல் அதற்கென்றே லிபெரோ என்ற தனி ஆட்டக்காரர் உண்டு. அவர் ஸ்மாஷ் அடித்துப் புள்ளி எடுப்பதில்லை. ஆனாலும் அவர் எடுத்துக் கொடுத்த பந்துகள் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. சிறந்த டிக்கருக்கு விருதே கொடுத்திருக்கிறார்கள்.

கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்தின் பாதையையும் கேமராக்கள் தொடரும் காலம் இது. தோண்டி எடுத்த யார்க்கர் எத்தனை, உடம்பில் வாங்கிய பந்து எத்தனை என்று மட்டையாளர் பெயருக்கு எதிரே ஒரு கட்டம் சேர்ப்பதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. ஸ்ட்ரைக் ரேட்டை மட்டும் வைத்து ஆட்களைப் பொறுக்கும் தேர்வாளர்கள் முதலில் அந்தக் கட்டத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.