சாய்ந்தும் வீழாத சிற்பங்கள்

வைகறைப் பொழுதில் சிங்கப்பூர், மலேசியப் பூங்காக்களில் சீன முதியோர் பயிலும் தாய்ச்சியைத் தமிழர் பலரும் கண்டிருப்பர். கை மெல்ல எழும். கால் மெல்ல நகரும். உடலின் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு ஓசையின்றி மாறும். உடல் ஓரிடத்தும் முற்றாக நின்றுவிடுவதில்லை, ஓரிடத்தும் தடுமாறுவதுமில்லை. இந்த இயக்கத்தை மரத்திலும் வெண்கலத்திலும் நிறுத்திக் காட்டியவர் தைவானியச் சிற்பி ஜூ மிங் (1938–2023).

2014ஆம் ஆண்டில், சிற்பிக்கு அகவை 76 ஆகியிருந்தபோது, ஹாங்காங் கலை அரும்பொருளகம் அவர்தம் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது. 'மனித உலகம்' என்னும் பிற்கால வரிசைக்கே அக்கண்காட்சி முதன்மை தந்தது. அரும்பொருளகம் துறைமுகத்தின் கவுலூன் கரையில் உள்ளது. எதிர்க்கரையில், எக்ஸ்சேஞ்ச் ஸ்கொயர் கட்டட முற்றத்தில், அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்த தாய்ச்சி வரிசையின் வெண்கல உருவம் ஒன்று நிற்கிறது. படகேறினால் சில நிமிடங்களில் ஒரு கரையிலிருந்து மறு கரை சேர்ந்துவிடலாம். ஆனால், பழைய ஜூ மிங்கிடமிருந்து புதிய ஜூ மிங்கிடம் செல்வதற்கு அத்தகைய எளிய வழி உண்டா? அவர் கலையை ஆராய்வார் முன் நிற்கும் வினா இதுவே.

ஜூ மிங் தைவானின் மியாவ்லி வட்டாரத்தில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். 15ஆம் அகவையில் லீ சின்சுவான் என்னும் மரச்சிற்பியிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். அது கோயில் வேலைப்பாடு. ஆடையின் மடிப்பையும் விரலின் நெளிவையும் நுணுகிச் செதுக்கும் பழந்தொழில். தொழிலில் தேர்ந்து, அதனாலேயே வாழ்வும் நடத்திய பின்னர், 1968இல் யாங் யூயூ என்னும் நவீனச் சிற்பியிடம் மீண்டும் மாணவராய்ச் சேர்ந்தார். 30 அகவையில், கைவந்த தொழிலை ஒதுக்கி வைத்து மாணவராதல் எளிதன்று. உடலும் உள்ளமும் உரம்பெறத் தாய்ச்சி பயிலுமாறு அறிவுறுத்தியவர் அந்த ஆசிரியரே. உடல்நலத்துக்காகத் தொடங்கிய பயிற்சி சிற்பத்துக்குப் பொருளாயிற்று. 1976இல் தைப்பேயின் தேசிய வரலாற்று அரும்பொருளகத்தில் நிகழ்ந்த கண்காட்சி அவர் பெயரை நாடறியச் செய்தது.

தாய்ச்சி உருவங்களுக்குக் கண் இல்லை, வாய் இல்லை, விரல்களும் இல்லை. கோயில் வேலையில் கற்ற நுணுக்கங்களையெல்லாம் சிற்பி வேண்டுமென்றே விட்டுவிட்டார். மரத்தைப் பிளந்த தடமும் அறுத்த தடமும் அப்படியே தெரிகின்றன. பெரிய வெண்கலங்களுக்கு அவர் இலேசான செயற்கை நுரைக்கட்டியைச் சூடேற்றிய கம்பியால் விரைந்து அறுத்து மூலவுரு செய்தார். அவ்விரைவு வார்ப்பிலும் மறையவில்லை. எஞ்சியிருப்பது எடை ஒன்றே. 'ஒற்றைச் சாட்டை' எனப்படும் தாழ்நிலையில் ஒரு கால் மடிந்து உடலைத் தாங்க, மறு கால் தரையை ஒட்டி நீள்கிறது. நீண்ட காலுக்கு ஈடாகக் கை எதிர்த்திசையில் விரிகிறது. ஒருபுறம் மிகுந்ததை மறுபுறம் ஈடு செய்கிறது.

இங்கு ஒன்றைக் கருதுதல் வேண்டும். வெண்கல உருவத்தைத் தரையில் பிணைத்துவிட்டால் அது விழாது. ஆகவே, விழாமல் நிற்கச் செய்வது மட்டும் சிற்பியின் திறமாகாது. விழக்கூடும் என்று கண்ணை ஐயுறச் செய்து, விழாது என்று நெஞ்சுக்கு உறுதி தருவதே திறம். ஜூ மிங்கின் உருவங்களைக் காண்போர், தம்மை அறியாமலே தம் முழங்காலில் அந்த எடையை உணர்கின்றனர். சமநிலை என்பது அசையாமை அன்று. அசைவுக்குள் அமைந்த ஒழுங்கு என்னும் உண்மையை இவ்வுருவங்கள் சொல்லின்றி விளக்குகின்றன.

இத்துணைப் புகழ் பெற்ற வடிவத்தையே ஆயுள் முழுதும் வடித்துக்கொண்டிருக்க அவருக்குத் தடை ஏதுமில்லை, வாங்குவோரும் குறைவில்லை. எனினும் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்ற அவர் 'மனித உலகம்' வரிசையைத் தொடங்கினார். வண்ணம் தீட்டிய மரம், வெண்கலம், சுட்டமண், துருப்பிடிக்காத எஃகு எனப் பொருள்கள் பெருகின. வரிசையில் காத்து நிற்போர், குடை பிடித்த கனவான்கள், படைவீரர், வான்குடையில் இறங்குவோர், சட்டத்துக்குள் அடைபட்டோர் எனப் பாத்திரங்களும் பெருகின.

இவை தாய்ச்சிக்கு முற்றும் மாறானவை என்று சிலர் கருதுவர். ஆழ்ந்து நோக்கின் வினா ஒன்றே. வினவும் இடந்தான் வேறு. தாய்ச்சி மனிதன் நிலத்தோடு தன் எடையைச் சமன் செய்கிறான். வான்குடை மனிதனுக்கு ஊன்ற நிலமே இல்லை; கயிறே அவனைத் தாங்குகிறது. வரிசையில் நிற்போன் தன் முன்னும் பின்னும் நிற்போரோடு ஒத்து நிற்றல் வேண்டும். அடைபட்டவனுக்கோ சாய்வதற்கும் இடமில்லை. சாய இடமில்லாதவனுக்குச் சமநிலை ஏது? முன்னது உடலின் நிலை. பின்னது சமுதாயத்தில் மனிதனின் நிலை. பழைய வினாவை இவ்வாறு விரித்தமையே புதிய முயற்சியின் வெற்றி எனலாம்.

ஆயினும் குறைகளை மறைத்தல் திறனாய்வுக்கு அழகன்று. அவர் நிறுவி 1999இல் திறந்த ஜின்ஷான் அரும்பொருளகத்தில் முப்படை வீரர் உருவங்கள் நூற்றுக்கணக்கில் அணிவகுத்துள்ளன. தொகுதியாக நோக்குவார்க்கு வியப்பு விளைகிறது. தனியொரு வீரன்முன் நிற்பார்க்கு அத்துணைப் பயன் இல்லை. தாய்ச்சியில் ஓர் உருவம் தாங்கிய கனத்தை இங்கே நூறு உருவங்கள் கூடியும் தாங்கவில்லை. எண்ணிக்கை எடைக்கு ஈடாகாது. எஃகு உருவங்கள் சிலவற்றிலும் பொருளின் பளபளப்பே முந்துகிறது, கைத்தடம் பிந்துகிறது. புதுமைக்காகவே பொருளை மாற்றினாரோ என்னும் ஐயம் எழுவது இயல்பே.

இக்குறைகள் கண்டு, அவர் தாய்ச்சியோடு நின்றிருக்கலாம் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. கலை கற்று முடிக்கும் பாடம் அன்று, நாளும் பயிலும் தவம் என்பது ஜூ மிங்கின் கொள்கை. ஒரே நிலையில் ஊன்றிய கால் மரத்துப்போகும். எடையை மறு காலுக்கு மாற்றும் நொடியில் தடுமாற்றம் நேரலாம். மாற்றாதவனுக்கோ நடையே இல்லை. கோயில் வேலையைத் துறந்தவர் தாய்ச்சியைக் கண்டார். தாய்ச்சியின் புகழைத் துறந்தவர் அதற்கு நிகரான ஒன்றை எல்லா இடத்தும் கண்டார் என்று சொல்வதற்கில்லை. ஆனால், துறக்கத் துணிந்தமையால், முன்னை வடிவம் வெறும் வாய்பாடாகத் தேயாமல் காக்கப்பட்டது. 'ஒற்றைச் சாட்டை'யை இன்று காண்போரும் முதன்முறை காண்பார்போல் அதன்முன் நிற்பதற்கு, அவர் அதனை விட்டு நடந்ததும் ஒரு காரணம்.