ஒரு படம், இரண்டு பாடம்: ஜஸ்டிஸ் லீக் பற்றிச் சில குறிப்புகள்

ஜஸ்டிஸ் லீக் என்ற பேரில் இரண்டு படங்கள் இருக்கின்றன. முதலாவது 2017 நவம்பரில் தியேட்டருக்கு வந்தது, நீளம் 120 நிமிடம். இரண்டாவது 2021 மார்ச் 18 அன்று ஹெச்பிஓ மேக்ஸில் வந்தது, நீளம் 242 நிமிடம். இயக்குநர் என்று இரண்டிலும் இருப்பது ஸாக் ஸ்னைடர் பெயர்தான். நடிகர்களும் ஏறக்குறைய அவர்களேதான். கதையின் எலும்புக்கூடும் ஒன்றுதான். ஆனா பார்த்து முடித்தால் இரண்டு வேற படம் பார்த்த மாதிரி இருக்கு.

பழைய நூல்களுக்குப் பாடபேதம் பார்ப்பார்கள் இல்லையா, இந்த ஓலையில் இப்படி இருக்கு, அந்த ஓலையில் இந்த வரியே இல்லை என்று. அந்த வேலையைச் சினிமாவில் செய்து பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு எனக்குத் தெரிந்து கிடையாது. ஆகவே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கதை முழுக்கச் சொல்லப் போகிறேன், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரவும்.

நடந்தது என்ன

படப்பிடிப்பு 2016-இல் முடிந்தது. 2017 மார்ச்சில் ஸ்னைடரின் மகள் ஆட்டம் தற்கொலை செய்துகொண்டார். மே மாதம் ஸ்னைடர் படத்திலிருந்து விலகினார். மிச்ச வேலையை ஜாஸ் வீடன் எடுத்துக்கொண்டு, பல காட்சிகளைப் புதிதாக எழுதி மீண்டும் படமாக்கினார். திரைக்கதையில் கிறிஸ் டெரியோவோடு அவர் பெயரும் சேர்ந்தது. இசையும் மாறியது. ஜங்கி எக்ஸ்எல் போய் டேனி எல்ஃப்மேன் வந்தார். அந்த நேரம் இன்னொரு படத்துக்காக மீசை வளர்த்திருந்த ஹென்றி கேவில் அதை எடுக்க முடியாமல் போக, கம்ப்யூட்டரில் மீசையை அழித்தார்கள். அந்த மேலுதட்டை வைத்து வந்த மீம்கள் படத்தைவிட நிறைய பேரைப் போய்ச் சேர்ந்தன.

பிறகு ரசிகர்கள் மூன்றரை வருஷம் கேட்டுக் கேட்டு ஸ்னைடரின் வடிவத்தை வெளிவர வைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் தற்கொலைத் தடுப்பு அமைப்புக்கு நிதி திரட்டியவர்களும் உண்டு, மாற்றுக் கருத்து சொன்னவர்களைக் கேவலமாகத் திட்டியவர்களும் உண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

அறிமுகச் சிக்கல்

பல நாயகர்கள் ஒன்று சேரும் படத்துக்கு அடிப்படையில் ஒரு கணக்குச் சிக்கல் இருக்கு. ஆறு பேர் என்றால் ஆறு பேருக்கும் ஒரு காரணம், ஒரு குணம், ஒரு வேலை வேணும். மார்வெல் 2012-இல் அவெஞ்சர்ஸ் எடுத்தபோது அதற்கு முன்னால் ஐந்து படங்கள் வந்துவிட்டன. அயர்ன் மேன், தோர், கேப்டன் அமெரிக்கா மூவருக்கும் தனிப் படம் உண்டு. ஹல்க்குக்கும் தனிப் படம் உண்டு, நடிகர் மட்டும் மாறினார். எங்கள் தொழிலில் சொல்வதானால் ஒவ்வொரு பகுதியையும் தனியாக டெஸ்ட் செய்துவிட்டுத்தான் இன்டக்ரேஷனுக்கு வந்தார்கள். அதனால்தான் 143 நிமிடத்தில் அந்தப் படம் மூச்சு வாங்காமல் ஓடியது.

டிசி செய்தது தலைகீழ். சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன் மூவரையும் நமக்குத் தெரியும். அக்வாமேன் தனிப் படம் 2018-இல் வந்தது, ஃப்ளாஷ் 2023-இல் வந்தது. சைபார்க்குக்குத் தனிப் படம் வரவே இல்லை. ஆக ஆறு பேரில் மூன்று பேர் நமக்கு அந்நியர்கள். இவர்களை அறிமுகப்படுத்தி, சண்டை போடவைத்து, சமாதானமாக்கி, உலகத்தையும் காப்பாற்ற இரண்டு மணி நேரம் பத்தாது. இதில் வீடன்மேல் எல்லாப் பழியையும் போடுவது நியாயமில்லை. அவெஞ்சர்ஸை எடுத்தவரும் அவர்தானே? அங்கே ஐந்து படத்தின் அஸ்திவாரம் இருந்தது, இங்கே பாதி அஸ்திவாரம்தான் இருந்தது.

ஆளைக் கழித்துப் பார்ப்பது

இந்த வகைப் படங்களுக்கு நான் வைத்திருக்கும் சோதனை ரொம்ப எளிது. குழுவில் ஒரு ஆளைக் கழித்துப் பாருங்க. கதை அப்படியே நின்றால் அந்த ஆள் போஸ்டருக்காக வந்தவர்.

2017 வடிவத்தில் சூப்பர்மேனைக் கழித்தால் எதுவும் நிற்காது. அவர் வந்ததும் சண்டை முடிந்துவிடுகிறது. மற்றவர்கள் அதுவரை நேரத்தைத் தள்ளுகிறார்கள், அவ்ளோதான். ஃப்ளாஷ் க்ளைமாக்ஸில் ஒரு ரஷ்யக் குடும்பத்தின் வண்டியைத் தள்ளிக் காப்பாற்றுகிறார். நல்ல காரியம்தான், ஆனா கதைக்கும் அதற்கும் சம்பந்தம் கம்மி. சைபார்க் பெட்டிகளைப் பிரிக்கிறார். கூட வந்த டெக்னீஷியன் மாதிரி ஒரு இடம்.

2021 வடிவத்தில் சூப்பர்மேன் வந்து வில்லனை அடித்து நொறுக்கியும் பூமி அழிந்துவிடுகிறது. நிஜமாகவே அழிகிறது, நாம் பார்க்கிறோம். சைபார்க் பெட்டிகளுக்குள் நுழையக் கொஞ்சம் தாமதமாகிவிடுகிறது. அப்போது ஃப்ளாஷ் ஒளியின் வேகத்தைத் தாண்டி ஓடி, காலத்தைச் சில நொடி பின்னால் இழுக்கிறார். அந்த நொடிகளில் சைபார்க் உள்ளே போகிறார். இருவரில் ஒருவர் இல்லையென்றாலும் படம் அங்கேயே முடிந்தது. சூப்பர்மேன் மட்டும் போதும் என்ற நிலை இல்லாததால்தான் இது ஒரு குழுவின் கதை ஆகிறது.

அக்வாமேன்? நேர்மையாகச் சொன்னால் இரண்டு வடிவத்திலும் அவர் இந்தச் சோதனையில் தேறவில்லை. சுரங்கத்தில் வெள்ளத்தை ஒரு தடவை தடுக்கிறார். மீதியெல்லாம் முடியும் தோரணையும்தான்.

வெட்டப்பட்டது யார்

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். சைபார்க், அதாவது விக்டர் ஸ்டோன், காமிக்ஸில் 1980-இல் மார்வ் வுல்ஃப்மேனும் ஜார்ஜ் பெரெஸும் உருவாக்கிய பாத்திரம். முதலில் டீன் டைட்டன்ஸ் குழுவில் இருந்தவர். 2011-இல் டிசி தன் கதைகளைப் புதிதாகத் தொடங்கியபோதுதான் ஜஸ்டிஸ் லீகின் ஸ்தாபக உறுப்பினர் ஆனார். இந்தப் படத்தில் நடித்தவர் ரே ஃபிஷர். அப்பா சைலஸாக ஜோ மார்ட்டன்.

2021 வடிவத்தில் கதை இது. மகன் கால்பந்து வீரன். மேட்சுக்கு அம்மா வருகிறார், அப்பா ஆய்வுக்கூடத்தில் இருக்கிறார், நாற்காலி காலி. திரும்பும் வழியில் விபத்து, அம்மா இறக்கிறார். அப்பா தன் ஆய்வுக்கூடத்தில் இருந்த வேற்றுலகப் பெட்டியை வைத்து மகனை உயிர் பிழைக்க வைக்கிறார். மகன் பிழைக்கிறான், பாதி இரும்பாக. அப்பாவை மன்னிக்க அவனுக்கு முடியவில்லை. அவர் பேசிப் பதிவு செய்த டேப் ரெக்கார்டரைக் கையால் நசுக்குகிறான்.

அப்புறம் சைலஸ் என்ன செய்கிறார்? வில்லன் பெட்டியை எடுக்க வரும்போது, அதை எங்கே கொண்டுபோனாலும் கண்டுபிடிக்க முடிகிற அளவுக்குச் சூடாக்குகிறார். அந்தச் சூட்டிலேயே மகன் கண்முன் சாகிறார். குழு வில்லனின் இடத்தைக் கண்டுபிடிப்பது அந்தத் தடயத்தை வைத்துத்தான். அப்பாவின் சாவு கதையின் அச்சாணி.

2017-இல் இதே இடத்தில் என்ன இருக்கு தெரியுமா? உயிரோடு வந்த சூப்பர்மேனைச் சமாளிக்கும் அவசரத்தில் பெட்டியைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள், வில்லன் எடுத்துப் போகிறான். உலகத்தையே அழிக்கும் பொருளை, பஸ்ஸில் குடையை மறந்த மாதிரி. சைலஸ் கடைசிவரை உயிரோடு இருக்கிறார், ஆனா அவருக்கு வேலை இல்லை. விபத்தும் அம்மாவும் ஒன்றிரண்டு வசனத்தில் போய்விடுகின்றன. காலி நாற்காலியைக் காணோம்.

நீளத்தைக் குறைப்பதில் தப்பில்லை. எதைக் குறைப்பது என்று முடிவெடுக்கும்போது யார் கதை முதலில் போகிறது என்பதைத்தான் கவனிக்கணும். இங்கே போனது குழுவில் இருந்த ஒரே கறுப்பின நாயகனின் கதை, அதுவும் படத்தின் இதயமாக ஸ்னைடர் நினைத்த கதை. படப்பிடிப்பில் தான் நடத்தப்பட்ட விதம் பற்றி ஃபிஷர் 2020-இல் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார், வீடன் பிறகு மறுத்தார். அந்தப் பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. திரையில் இருப்பதை மட்டும் வைத்தே என்ன போயிற்று என்று தெரிகிறது.

ஒரு எச்சரிக்கை. மகளை இழந்த அப்பா எடுத்த படம், அதனால்தான் அப்பா பிள்ளைக் கதை இவ்வளவு ஆழம் என்று பல பேர் எழுதிவிட்டார்கள். தேதியைப் பாருங்க. விக்டர், சைலஸ் காட்சிகளை எடுத்தது 2016-இல், இழப்பு 2017-இல். ஆகவே துக்கத்திலிருந்து இந்தக் கதை பிறக்கவில்லை. கதை ஏற்கெனவே அங்கே இருந்தது. துக்கத்துக்குப் பிறகு அவர் திரும்பி வந்து அதை முடித்து, கடைசியில் மகள் பெயருக்குச் சமர்ப்பணம் போட்டார். எனக்கு அது இன்னும் கனமாகத் தெரிகிறது.

2021-இன் குறைகள்

இது குறையில்லாத படம் என்று சொல்லும் ரசிகர்களோடு எனக்கு ஒத்துவராது. ஸ்லோ மோஷனை எல்லாம் சரியான வேகத்தில் ஓட்டினால் கணிசமான நேரம் மிச்சமாகும். வொண்டர் வுமன் தலை காட்டும்போதெல்லாம் அதே பெண்குரல் ஓலம். மார்த்தா கென்ட் லோயிஸ் லேனிடம் வந்து மகனை இழந்த துக்கத்தைப் பேசும் அருமையான காட்சி ஒன்று இருக்கு. அது முடிந்ததும் வந்தது மார்த்தா இல்லை, உருமாறிய செவ்வாய்க்கிரகவாசி என்று காட்டுகிறார்கள். கட்டிய வீட்டைத் தானே இடிப்பது இதுதான். கடைசியில் வரும் எதிர்காலக் கனவு, எடுக்கப்படாத இன்னொரு படத்துக்கான விளம்பரம்.

2017-இல் ஒன்று நல்லா இருந்தது என்பதையும் சொல்லணும். பயந்து நிற்கும் ஃப்ளாஷிடம் பேட்மேன், முதலில் ஒரே ஒரு ஆளைக் காப்பாற்று, மீதி தானாக வரும் என்கிற பொருளில் பேசும் காட்சி. சின்னக் காட்சி, ஆனா புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனுக்குச் சீனியர் சொல்லும் புத்திமதி மாதிரி சரியாக விழுந்தது. 2021-இல் இது இல்லாதது நஷ்டம்தான்.

மொத்தத்தில்

இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளணும் என்றால் நாலு மணி நேரத்தையே எடுப்பேன். பெரிய படம் என்பதற்காக அல்ல. ஆறு பேரையும் சேர்க்கும் நூல் அதில் அறுபடாமல் இருக்கு. விக்டருக்குச் சைலஸ், ஃப்ளாஷுக்குச் செய்யாத கொலைக்குச் சிறையில் இருக்கும் அப்பா, சூப்பர்மேனுக்குப் பெற்றவரும் வளர்த்தவருமாக இரண்டு குரல். வில்லன் ஸ்டெப்பன்வுல்ஃப்கூட எஜமானுக்குத் துரோகம் செய்து, 50 ஆயிரம் உலகங்களைக் கடனாகக் கட்ட வேண்டிய நிலையில், வீடு திரும்ப அனுமதி கேட்டுக் கெஞ்சுகிறான்.

உலகம் பிழைத்த பிறகு விக்டர் தான் நசுக்கிய டேப் ரெக்கார்டரைத் தானே சரிசெய்து அப்பா பேசியதைக் கேட்கிறான். வெட்டுகிறவர் மேசையில் முதலில் விழுந்தது அதுதான். நாலு மணி நேரம் கிடையாது என்பவர்கள், நாலு இரவுக்குப் பிரித்தாவது பாருங்க. படமே ஆறு அத்தியாயமாகத்தான் இருக்கு.