தொட்டிலில் கிடந்த ஆடு

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கென நம் பங்குகளில் எழுதப்படும் நாடகங்களில் நகைச்சுவை பெரும்பாலும் ஒட்டுப்போட்டதாகவே நிற்கிறது. இடையர் காட்சிக்கு நடுவே திரைப்படப் பாணியில் ஒரு குடிகாரரோ திக்கிப் பேசுபவரோ வந்து சிரிப்பு மூட்டிப் போகிறார். கதை அவருக்காகக் காத்திருக்கிறது. அவ்வாறு திக்கிப் பேசும் ஒருவர் அவையிலேயே அமர்ந்திருக்கக்கூடும். ஊர் நாடகம் அல்லவா?

இங்கிலாந்தின் வேக்ஃபீல்டு நகரோடு தொடர்புபடுத்தப்படும் 15ஆம் நூற்றாண்டின் ‘இரண்டாம் இடையர் நாடகம்’ இவ்விடத்தில் நம் நினைவுக்கு வருகிறது. குளிரையும் மேலோரின் கொடுமையையும் நொந்துகொண்டு இடையர் மூவர் உறங்குகின்றனர். மாக் என்பவன் அவர்தம் ஆடொன்றைத் திருடித் தன் வீட்டுத் தொட்டிலில் கிடத்துகிறான். மனைவி பிள்ளை பெற்றவளாய் முனகுகிறாள். தேடி வந்தோர் ஏமாந்து திரும்புகின்றனர். ‘குழந்தைக்கு ஒன்றும் கொடுக்கவில்லையே’ என்று மீண்டும் வந்து, முத்தமிடத் துணியை விலக்கும்போதுதான் குட்டு உடைகிறது. அவர்களது ஈகையே களவைக் காட்டிக்கொடுக்கிறது! தூக்குக்கும் உரிய அக்குற்றத்துக்கு, மாக்கைத் துணியில் கிடத்தித் தூக்கிப்போட்டு விளையாடுவதோடு நிறுத்திக்கொள்கின்றனர். அதன் பின்னரே வானதூதர் பாடுகிறார். அதே மூவர் பெத்லகேமில் பாலனுக்குச் செர்ரிப் பழமும் பறவையும் பந்தும் அளிக்கின்றனர். ஆட்டுத் தொட்டிலை நீக்கிவிட்டால் அந்தத் தொட்டிலும் ஒளி குன்றும்.

இதைத் தமிழாக்கி மேடையேற்ற நடிகர் எழுவரே போதும். அரச சேவகன்போல் தென்னாட்டுப் பேச்சில் மாக் மிரட்டும் இடத்துக்கு, நம்மூர்களில் பட்டணத்துப் பேச்சு நன்கு பொருந்தும்.