கைக்குத் தெரிந்தது

கலைஞனிடம் போய், "இதை எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்பது நம் பத்திரிகைகளில் பழகிப்போன சடங்கு. நாவலாசிரியனிடம் கேட்கிறோம், சங்கீத வித்துவானிடம் கேட்கிறோம், சிற்பியையும் விடுவதில்லை. பதில் சுவையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், கேட்பதில் ஒரு மரியாதை இருக்கிறது. செய்தவன் தெரிந்துதான் செய்தான் என்று ஒப்புக்கொள்கிற மரியாதை அது.

காட்டிலும் கழியிலும் வாழும் மக்களின் கலை என்று வந்துவிட்டால் மட்டும் இந்தக் கேள்வி நம் நாவில் வருவதில்லை. 'இயற்கையோடு இயைந்த கலை', 'உள்ளத்தில் தானாக ஊறிய கலை' என்று இரண்டு வாக்கியம் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கேட்பதற்குப் புகழ்ச்சி போல இருக்கிறது. ஆனால் குயில் கூவுவதைப் பற்றியும் இதையேதான் சொல்வோம்! பாராட்டுகிற சாக்கில், அந்த மனிதனிடமிருந்து யோசனை என்ற ஒன்றைப் பிடுங்கிக்கொண்டுவிடுகிறோம்.

இந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஓர் உதாரணம் உண்டு. 1966 பிப்ரவரியில் அந்த நாடு தசம நாணய முறைக்கு மாறியது. புதிதாக வந்த ஒரு டாலர் நோட்டில் மரப்பட்டை ஓவியம் ஒன்றை ஒட்டிய சித்திரம் அச்சாயிற்று. அச்சிட்டவர்கள் அதைப் பெயர் தெரியாத பழைய காலத்துச் சொத்து என்று எண்ணிக்கொண்டார்கள். வரைந்தவரோ உயிரோடு இருந்தார். டேவிட் மலாங்கி என்பது அவர் பெயர். தம் குலத்து மூதாதையான ஒரு வேட்டைக்காரனின் ஈமச் சடங்கை அவர் வரைந்திருந்தார். விஷயம் தெரிந்த பிறகு அவருக்கு ஆயிரம் டாலரும், ஒரு பதக்கமும், மீன்பிடி சாமான்கள் அடங்கிய பெட்டியும் கொடுத்தார்கள். ஒரு தேசமே அவருடைய கோட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தது, 'யார் வரைந்தது?' என்று முன்கூட்டிக் கேட்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கேட்டால் என்ன கிடைக்கும்? அதற்குப் பதிலாக நம் சென்னையிலேயே வெளியான ஒரு புத்தகத்தைச் சொல்வேன். 2004-இல் தாரா புக்ஸ் வெளியிட்ட 'தி லண்டன் ஜங்கிள் புக்'. வரைந்தவர் பஜ்ஜு ஷியாம். மத்தியப் பிரதேசத்துப் பாட்டன்கர் கிராமத்தில் பிறந்த கோண்டு ஓவியர். அவருடைய பர்தான் குலம் கோண்டுகளுக்குப் பாணர் குலம். 'பானா' என்னும் நரம்பு வாத்தியத்தை மீட்டி, குல வரலாறு பாடி வாழ்ந்தவர்கள். அந்தப் பாட்டுக்குக் கேட்பவர் குறைந்த காலத்தில், ஜன்கர் சிங் ஷியாம் என்னும் மேதை அதைக் காகிதத்துக்குக் கொண்டுவந்தார். பஜ்ஜு அவருக்கு உறவினர். அவரிடமே தொழில் கற்றவர். லண்டனில் ஓர் இந்திய உணவு விடுதியின் சுவர்களில் ஓவியம் தீட்டப் போனார். திரும்பி வந்து, கண்டதையெல்லாம் படமாக்கினார்; படத்தோடு காரணத்தையும் சொன்னார்.

அந்தக் காரணங்களில்தான் புத்தகத்தின் உயிர் இருக்கிறது. லண்டனின் பெரிய மணிக்கூண்டையும் ஒரு சேவலையும் ஒரே உருவமாக இணைத்திருக்கிறார். அவர் ஊரில் காலத்தைச் சொல்வது சேவல். அந்த ஊரில் மணிக்கூண்டு. தினம் தவறாமல் தம்மை வேலைக்கு ஏற்றிச் சென்ற முப்பதாம் எண் பஸ், நன்றியுள்ள நாயாகிவிட்டது. ஆகாய விமானம் சிறகு முளைத்த யானை. அத்தனை பெரிய கனம் மேலே எழும்புவதை நம்ப முடியாத வியப்பு அதில் இருக்கிறது. 'குழந்தைத்தனமான கற்பனை' என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். எது எதற்கு நிகர், எந்த இடத்தில் நிகர், எந்த இடத்தில் இல்லை என்று நிறுத்துப் பார்த்துச் செய்த வேலை இது. உவமையை ஆளத் தெரிந்த கவிஞனுக்கும் இதுதானே தொழில்? தலைப்பில் உள்ள குறும்பையும் கவனிக்க வேண்டும். கிப்ளிங் தம் கதைக்கு எடுத்துக்கொண்ட சியோனிக் காடு இதே மத்தியப் பிரதேசத்தில்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்து மனிதர் ஒருவர் இப்போது லண்டனைக் காடாகப் பார்த்து எழுதுகிறார். கணக்கு நேராகிவிட்டது.

ஒரு குறையும் உண்டு. பஜ்ஜு ஹிந்தியில் பேசியது, பதிப்பாசிரியர்கள் வழியாகத் திருத்தமான ஆங்கிலமாக நமக்குக் கிடைக்கிறது. அவர் எங்கே தயங்கினார், எந்தச் சொல்லைத் தேடினார் என்பதெல்லாம் வழுவழுப்பான வாக்கியங்களுக்கு அடியில் போய்விட்டது. படத்தில் அவர் கை தெரிகிற அளவுக்கு உரைநடையில் அவர் வாய் தெரியவில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். பிச்சாவரம் என்றதும் வாசகர்களுக்கு நினைவு வருவது படகுச் சவாரியும், 1975-இல் வந்த 'இதயக்கனி'யும்தான். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த மரத்தை இன்று பார்க்க வேண்டுமானால் இந்த உப்பங்கழிக்குத்தான் வரவேண்டும். சுரபுன்னை வேர்களின் நடுவே படகு நுழையும்போது, பக்கத்தில் கழுத்தளவு தண்ணீரில் சில தலைகள் தெரியும். இருளர்கள். வலையில்லாமல், சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். நமக்கு அது ஒரு காட்சி. படம் எடுத்துக்கொள்கிறோம்.

அதைக் கலை என்று நான் சொல்லவரவில்லை. அது வயிற்றுப்பாடு, முள்ளும் சிப்பியும் விரலைக் கிழிக்கிற வயிற்றுப்பாடு. பழங்குடி என்று சான்றிதழ் பெறவே நெடுங்காலம் அலைந்த மக்களின் கஷ்டத்தை அழகு என்று வர்ணிப்பது பாவம். ஆனால் அந்த விரல்களுக்குள் ஓர் அறிவு இருக்கிறது. ஏற்றவற்றத்தில் எந்த நேரம் எந்த வேரடியில் உயிர் ஒதுங்கும் என்ற அறிவு. அவர்கள் செய்யும் கலைக்கும் இதே கைதான் கருவி. மாசி மகத்தன்று பல மாவட்டங்களிலிருந்து இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறார்கள். சேலைகளைக் கட்டிக் கூடாரம் போடுகிறார்கள். ஈர மணலில் ஏழு படி பிடித்துக் கன்னியம்மனை வைத்து வணங்குகிறார்கள். அங்கேயே கல்யாணமும் பேசி முடிகிறது. கொஞ்ச தூரத்தில் பல்லவன் கல்லில் செய்தது நிற்கிறது. இவர்கள் மணலில் செய்ததை அலை கொண்டுபோய்விடுகிறது. முன்னதற்கு நூல் நூலாக விமரிசனம் உண்டு. பின்னதைச் செய்தவர்களிடம், 'படி ஏன் ஏழு? அழியும் என்று தெரிந்தும் ஏன் இத்தனை நேர்த்தி?' என்று விமரிசகர் எவரும் உட்கார்ந்து கேட்டதை நான் படித்ததில்லை.

பிலோ இருதயநாத் காடு மேடெல்லாம் அலைந்து பழங்குடி மக்களைப் பற்றி எழுதினார். ராஜம் கிருஷ்ணன் நீலகிரிக்குப் போய்ப் படகர் வாழ்வை 'குறிஞ்சித் தேன்' ஆக்கினார். இவர்கள் காது கொடுத்தவர்கள்; தமிழ் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. ஆனாலும் அது கேட்டவரின் குரல். சொன்னவரின் குரல் அதற்குள் ஒரு பாத்திரமாகத்தான் வரமுடிந்தது. நாவல் என்னும் உருவத்தின் எல்லை அது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கேட்பதற்கும் ஒரு தர்மம் உண்டு. 1971-இல் ஆஸ்திரேலியாவின் பாப்புன்யாவில் முதியவர்கள் தங்கள் ஐதிகங்களைப் பலகையில் தீட்டத் தொடங்கினார்கள். அயலார் பார்க்கக்கூடாத சின்னங்கள் சில அவற்றில் வெளியாகிவிட்டன. சொந்த மக்களிடையே மனத்தாங்கல் எழுந்தது. அதன்பின் ஓவியர்கள் காட்டக்கூடியதைக் காட்டி, மறைக்கவேண்டியதை மறைத்து வரைந்தார்கள். மறைத்ததும் கலைதான். எதைச் சொல்வது என்பதைப் போலவே எதைச் சொல்லாமல் விடுவது என்பதையும் தீர்மானிக்கிறவனே கலைஞன்.

ஆகையால் பிச்சாவரத்திலோ மாமல்லபுரத்திலோ நாளைக்கு யாராவது போய் உட்கார்ந்து கேட்டால், பதிலை அவர்கள் பேச்சிலேயே எழுதிக்கொள்ளட்டும். அவர்கள் சம்மதித்தால் பெயரையும் போடட்டும். புத்தகமானால் பணத்திலும் பங்கு கொடுக்கட்டும். 'அதைச் சொல்லமாட்டோம்' என்று அவர்கள் சொன்னால், அந்த வாக்கியத்தையும் அப்படியே அச்சிடட்டும். இருளர் கலையைப் பற்றிய முதல் நல்ல விமரிசனம் அந்த வாக்கியத்திலிருந்தே தொடங்கலாம்.