பொச்சாப்பும் விரைவும்: ‘குறிஞ்சித்தேன்’ ரங்கனை முன்னிட்டு ஓர் ஆய்வு

இலக்கிய மாந்தரின் இயல்பை ஆராயுங்கால் மருத்துவ நூலார் வகுத்த நோய்ப்பெயர்களைத் துணைக்கொள்ளும் வழக்கம் அண்மைக் காலத்தே பெருகி வருகின்றது. கதைமாந்தன் ஒருவன் ஒன்றில் நிலைத்து நில்லாதவனாக இருப்பின், அவனுக்குக் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு உண்டு எனக் கூறி அமைதல் இன்று எளிதாகிவிட்டது. இவ்வழக்கம் எவ்விடத்துப் பயன்படும், எவ்விடத்து இடர்ப்படும் என்பதை ஒரு நாவலைக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். அந்நாவல் நீலகிரிப் படகர் வாழ்வைப் பொருளாகக் கொண்டு ராஜம் கிருஷ்ணன் எழுதி 1963இல் வெளிவந்த ‘குறிஞ்சித்தேன்’. ஆராய்தற்குரிய மாந்தன் அதில் வரும் ரங்கன்.

1. நோயும் அதன் வரலாறும்

கவனம் நில்லாமையை மருத்துவர் நோக்கிய வரலாறு நெடியது. அலெக்சாண்டர் கிரைட்டன் 1798இலேயே இதுபற்றி எழுதினார். 1902இல் இலண்டன் மருத்துவர் கல்லூரியில் ஜார்ஜ் ஸ்டில் ஆற்றிய சொற்பொழிவுகளே இத்துறையின் தொடக்கமாகப் பலராலும் கொள்ளப்பெறும். அவர் இக்குறையை ‘ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை’ எனச் சுட்டினார் என்பது ஈண்டு நினைவிற்கொள்ளத்தக்கது. மருத்துவமும் முதலில் அறநூலாரின் சொல்லையே கையாண்டது. அமெரிக்க உளமருத்துவர் கழகத்தின் நோய்வகை நூல் 1980ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் ‘கவனக்குறைவுக் கோளாறு’ என்னும் பெயரைத் தந்தது. 1987இல் மிகையியக்கம் என்பதும் அப்பெயரோடு சேர்ந்தது.

இது சிறாரைப் பற்றும் நோய். வளர வளரத் தானே நீங்கும் என்பதே நெடுங்காலக் கருத்தாக இருந்தது. பலரிடம் இது வளர்ந்த பின்னரும் தொடர்கின்றது எனப் பின்னை ஆய்வுகள் காட்டின. 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, பதினேழு வயதும் அதற்கு மேலும் உடையார்க்கு ஐந்து அறிகுறிகள் அமையும் எனக் கூறுகின்றது. ஆயினும் அவற்றுட் பல பன்னிரண்டு வயதிற்கு முன்னரே தோன்றியிருத்தல் வேண்டும். இல்லம், கல்விக்கூடம், பணியிடம் முதலியவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்பெறுதல் வேண்டும். வாழ்க்கைக்கு இடையூறு விளைத்தல் வேண்டும். பிற நோயால் விளைந்தனவாக இருத்தல் கூடாது.

இவ்வரையறையினின்று திறனாய்வாளர் அறியத்தக்கது ஒன்றுண்டு. நாற்பது வயதினன் ஒருவனுக்கு இந்நோய் உண்டெனத் துணியும் மருத்துவர், குருதியையோ நிழற்படத்தையோ நோக்கித் துணிவதில்லை. அவன் இளமையை அறிந்தாரை வினவியும், பழைய பள்ளிக் குறிப்புகளைக் கண்டும், கடந்துபோன வாழ்வை மீண்டும் ஒருமுறை படித்தே துணிகின்றார். நிகழ்ச்சிகள் மாறுவதில்லை, அவற்றின் பொருள் மாறுகின்றது. முதற்படிப்பில் ‘பொறுப்பிலி’ எனப்பட்டவன் இரண்டாம் படிப்பில் வேறொருவனாகத் தெரிகின்றான். ஆதலின் வளர்ந்த பின் நோய் அறியப்பெறுதல் என்பது ஒருவகையில் மறுவாசிப்பே யாகும்.

இதற்கு அண்மைக் காலத்துச் சான்று ஒன்று தரலாம். நீலகிரியில் லவ்டேல் லாரன்ஸ் பள்ளியில் சிறிது காலம் பயின்றவரும், தமிழ்த் திரைப்படங்களிலும் நடித்தவருமான பகத் பாசில், 2024ஆம் ஆண்டு கேரளத்துக் கோதமங்கலத்தில் நிகழ்ந்த விழாவொன்றில், நாற்பத்தொரு வயதில் தமக்கு இந்நோய் இருப்பது அறியப்பட்டதைத் தாமே வெளிப்படுத்தினார். புகழும் தொழில்திறமும் கைவந்த ஒருவர் அவ்வாறு கூறியதனால், இந்நோய் சோம்பலின் மறுபெயர் அன்று என்பது பலர்க்கும் விளங்கிற்று.

2. பழந்தமிழ் வழக்கு

இனி, நம் நூல்கள் இவ்வியல்பை எவ்வாறு நோக்கின என்பது காண்போம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாட்டைக் கூறிய பின்னர், உடைமை முதல் நடுக்கு ஈறாக முப்பத்திரண்டினை வேறு தொகுத்துக் கூறுகின்றது. அத்தொகையுள் மடிமை, விரைவு, பொச்சாப்பு என்னும் மூன்றும் இடம்பெறுகின்றன. முயலாதிருத்தல், பதறுதல், போற்றிக் காக்கவேண்டியதை மறந்து நழுவவிடுதல் என இவற்றைப் பொருள்படுத்தலாம். இன்றைய மருத்துவர் கூறும் அறிகுறிகளுள் பெரும்பாலானவை இம்மூன்றனுள் அடங்கும்.

தொல்காப்பியர் இவற்றைக் குற்றம் என்று கூறவில்லை; குணம் என்றும் கூறவில்லை. அன்பும் அடக்கமும் நாணமும் நிற்கும் அதே வரிசையில் இவற்றையும் நிறுத்தினார். உள்ளத்து நிகழ்வது உடம்பின்வழிப் புலப்படுதலே ஆண்டுப் பேசப்படும் பொருள். பழியும் புகழும் அவ்வியலுக்குப் புறம்பானவை.

திருக்குறளின் நோக்கு வேறு. பொச்சாவாமை ஐம்பத்து நான்காம் அதிகாரமாகவும், மடியின்மை அறுபத்தொன்றாம் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல், உறக்கம் ஆகிய நான்கனையும் அழிவை நாடுவோர் விரும்பி ஏறும் மரக்கலமாக வள்ளுவர் உருவகம் செய்கின்றார். இங்கு இவை குற்றங்களே. ஆனால் இவ்வதிகாரங்கள் இரண்டும் பொருட்பாலின் அரசியலுள் வைக்கப்பெற்றன என்பதை மறத்தலாகாது. செல்வமும் ஆற்றலும் தந்த மகிழ்ச்சியால் தன் கடமையில் சோர்வுறும் தலைவனுக்கே பொச்சாவாமை கூறப்பட்டது எனப் பரிமேலழகர் உரையும் தெளிவிக்கின்றது. நாடு காப்பவனுக்குக் கூறிய கடிந்துரையைப் பாடம் ஒப்பிக்க மறந்த பள்ளிச் சிறுவன்மேல் ஏற்றிக் கூறுதல் நூலின் இடமும் நுதலிய பொருளும் அறியாமையாம்.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். மெய்ப்பாடு என்பது ஒருகால் தோன்றி மறைவது. நோய் என்பது இளமை தொட்டுத் தொடர்வது. ஆதலின் தொல்காப்பியர் இந்நோயை அன்றே கண்டார் என்று பெருமை பேசுதல் பொருந்தாது. பழிக்காமல் பெயரிடும் வழக்கு ஒன்று தமிழில் உண்டு என்பதே நாம் துணியத்தக்கது. அதுவே பெரிது.

அவதானக் கலையும் ஈண்டு எண்ணத்தக்கது. செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். நூறு திசைகளில் ஈர்க்கப்பட்ட கவனத்தை அவர் தம் ஆட்சியில் வைத்திருந்தமையே வியக்கப்பட்டது. எனவே கவனம் பலவற்றிற் செல்லுதல் தானே குறையன்று. செல்லும் கவனத்தை வேண்டியபோது மீட்கவியலாமையே குறை. மருத்துவமும் இதனையே கூறுகின்றது. இந்நோயுடையார் விரும்பிய ஒன்றில் உணவும் மறந்து ஆழ்ந்துவிடுதலும் உண்டு. கவனம் அவர்பால் குறைவாக இல்லை. அவர்தம் ஏவலுக்கு அடங்குவதாக இல்லை.

3. ரங்கனும் ஜோகியும்

நாவலில் ஜோகியும் ரங்கனும் உடன்பிறந்தார் இருவரின் மக்கள். ஜோகியின் தந்தை லிங்கய்யா உழைப்பும் ஒழுங்கும் உடையவர். ரங்கனின் தந்தை மாதனோ நிலத்தைப் பேணாதவர். ஹட்டியினர் கண்ணுக்கு ரங்கன் தந்தையையே ஒத்தவன். அவனைத் திருத்தும் வழியாக, இறைவன் கோயிலில் தீ அணையாது காக்கும் பணிக்கு அவனை அனுப்ப எண்ணுகின்றனர். ரங்கன் அதற்கு உடன்படாது உதகைக்கு ஓடிவிடுகின்றான். அப்பணி ஜோகியிடம் வந்து சேர்கின்றது.

ஆசிரியர் அமைத்த இந்நிகழ்ச்சி நம் ஆய்வுக்குப் பெரிதும் துணை செய்வது. அணையாத் தீயைக் காத்தல் என்பது இடையறாக் கவனத்தின் வடிவம். விளையாட்டும் தோழரும் விட்டு, ஒரே இடத்தில், ஒரே கடமையில், நாள்தோறும் நிலைத்திருத்தல் வேண்டும். எது ஒருவனால் இயலாதோ அதனையே அவனுக்கு மருந்தாக விதித்தது ஹட்டி. இக்கொடுமையை அறியாமல், நல்லெண்ணத்தோடு விதித்தது என்பதே இதன் அவலம். நிலைகொள்ளாத பிள்ளைக்கு நெடுநேரம் அமர்ந்து எழுதும் தண்டனை தருகின்ற ஆசிரியரும் இதனையே செய்கின்றார்.

‘தந்தையைப் போல மகன்’ என்னும் ஹட்டியின் தீர்ப்பும் நோக்கத்தக்கது. இந்நோய் மரபுவழி வருதல் மிகுதி என இரட்டையரைக் கொண்டு செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஹட்டி மக்கள் கண்டதும் மருத்துவர் கண்டதும் ஒரே உண்மையாக இருத்தல் கூடும். ஆனால் ஹட்டி அதனைக் கொண்டு மகனைக் கைவிடுகின்றது. மருத்துவம் அதனைக் கொண்டு தந்தையையும் சேர்த்து விளங்கிக்கொள்கின்றது.

அங்ஙனமாயின் ரங்கனை இந்நோயுடையான் எனலாமோ எனின், ஆகாது என்பதே எம் கருத்து. காரணம் இரண்டு. முதலாவது, நாவலின் தொடக்கப் பகுதி ஜோகியின் இளம் உள்ளத்தை ஒட்டியே செல்கின்றது. ரங்கனின் அகம் நமக்குத் திறந்து காட்டப்படவில்லை. அவன் மறந்தானா, மறுத்தானா என்பதைப் பிரித்தறியும் சான்று கிடையாதவிடத்து நோய் துணிதல் முறையாகாது. இரண்டாவது, உதகை சென்ற ரங்கன் பின்னர்ப் பொருளீட்டி நிமிர்கின்றான். தன் நலத்திற்கு வேண்டியவற்றைச் சூழ்ந்து செய்கின்றான். பாருவின் மணவாழ்வில் அவனால் விளையும் துயர் மறதியால் விளைந்தது அன்று. தன்னலமும் பிறர் நோவு எண்ணாமையும் எந்நோய்க்கும் அறிகுறிகள் ஆகா. அவற்றை நோயின்மேல் ஏற்றினால், அறத்தோடு வாழும் நோயாளர் அனைவர்க்கும் இழுக்குச் செய்தவர் ஆவோம்.

4. ஒரு தடையும் விடையும்

‘நோய்ப்பெயர் பொருந்தாதெனின் இவ்வாராய்ச்சியால் விளைந்த பயன் யாது?’ எனத் தடை நிகழலாம். பயன் உண்டு. ரங்கனைப் பற்றிய கேள்வி ஹட்டியைப் பற்றிய கேள்வியாக மாறுகின்றது. ஓரிடத்து நில்லாத சிறுவனை ஒரு சமுதாயம் எத்தனை வகையாகப் படிக்க இயலும்? அதனிடம் இருந்தது ஒரே வகை. கோயில் தீயை ஏற்றவன் நல்லவன், ஓடியவன் தீயவன். ஓடியவன் வஞ்சகனாக அல்லாமல் நல்லுள்ளத்தனாக இருந்திருப்பினும் அத்தீர்ப்பு மாறியிராது. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. அப்பூப்பைக் கொண்டே இந்நாவல் காலத்தை அளக்கின்றது. ஒரு பூப்பின்போது இடப்பட்ட பெயர் அடுத்த பூப்பிலும் அவனை விட்டு நீங்கவில்லை என்பதே நாம் காண்பது.

இது கதையோடு முடிவதன்று. அதே மலையில், 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இலங்கையினின்று திரும்பிய தமிழர் பலர் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினர். அன்னார் வழியில் வந்த ஒருவர் கொழுந்து பறிக்கும் நிரையில் பின்தங்கியும், கருவியை மறந்து வைத்தும், கங்காணியின் வசைக்கு ஆளாகியும் வாழ்ந்தால், அவர் இளமைக்குச் சான்று கூறும் பள்ளிக் குறிப்பு எங்கே? சிறுவயதில் அவரை அறிந்தார் எத்தனை பேர் உளர்? ஆவணம் உடையார்க்கே மறுவாசிப்பு வாய்க்கின்றது. ஏனையோர்க்கு முதல் தீர்ப்பே முடிந்த தீர்ப்பாகின்றது. சட்டத்தின் துணையும் தெளிவாக இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகுத்த 21 வகைகளுள் இந்நோயின் பெயர் இல்லை.

தமிழ்ச் சொல்லும் இவ்விடத்துத் துணை செய்யவில்லை. ‘கவனக்குறைவு’ என்பது விபத்துச் செய்தியிலும் வழக்குமன்றத்திலும் பழிச்சொல். ‘ஓட்டுநரின் கவனக்குறைவால்’ என்று எழுதும் சொல்லையே நோய்க்கும் பெயராக்கினால், நோயாளி பெயரிடப்படும்போதே குற்றவாளியாகின்றான். ‘ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை’ என்ற 1902ஆம் ஆண்டுச் சொல்லின் நிழல் இன்னும் தமிழில் நீங்காதிருப்பதற்கு இதுவே காரணம். கவனம் குறைவன்று, ஆட்சிக்கு அடங்காமையே குறை என மேலே கண்டோம். ஆதலின் ‘கவன ஆட்சிக் குறை’ என்றாற் போல்வதொரு சொல்லைத் தமிழறிஞரும் மருத்துவரும் கூடி எண்ணிப் பார்த்தல் நலம்.

5. முடிபு

மேற்கூறியவற்றால் மூன்று தெளிகின்றன. கதைமாந்தனின் இளமையும், பல சூழல்களில் அவன் ஒழுகிய முறையும், அவன் அகமும் நூலுள் காட்டப்பெற்றாலன்றி நோய்ப்பெயர் இடுதல் கூடாது. நோய் பற்றிய அறிவை மாந்தனைத் தீர்ப்பிடுதற்குப் பயன்படுத்துவதினும், அவனைத் தீர்ப்பிட்டாரை ஆராய்தற்குப் பயன்படுத்துவதே திறனாய்வுக்குத் தக்கது. அரசியலுள் கூறப்பட்ட கடிந்துரையையும் மெய்ப்பாட்டியலுள் கூறப்பட்ட பெயரையும் ஒன்றாகக் குழப்பாது வேறு பிரித்தறிதல் வேண்டும்.

வகுப்பறையில் குறளின் மடியின்மை அதிகாரத்தை நடத்தும் ஆசிரியர் எதிரே, ஒவ்வோராண்டும், முயன்றும் நிலைகொள்ள இயலாத மாணவர் ஒருவரேனும் அமர்ந்திருத்தல் கூடும். அவ்வதிகாரம் யாரை நோக்கிக் கூறப்பட்டது என்பதையும் சேர்த்துக் கற்பித்தல் அவ்வாசிரியர் கடன் என்க.