சித்திரக்கதையும் நடிகரும்: ‘வெறுங்கால் கென்’ குறித்து ஒரு நோக்கு

யப்பானியச் சித்திரக்கதைகளாகிய மங்காக்களுள் எவை நடிகரைக் கொண்டு படமாக்கத்தக்கன என்னும் வினாவுக்குத் தொழில்நுட்ப வளர்ச்சியையே சிலர் விடையாகக் கூறுவர். அவ்விடை போதுமானதன்று. கோடு உணர்த்துவது வேறு. மனித உடல் உணர்த்துவது வேறு.

ஹிரோஷிமாவில் ஆறு வயதில் அணுகுண்டுக்குத் தப்பிய நகாசவா கெய்ஜி, 1973இல் ‘வெறுங்கால் கென்’ தொடரை வெளியிடத் தொடங்கினார். 1976இல் யமடா தெங்கோ அதனை நடிகரைக் கொண்டு படமாக்கினார். 1983இல் அது அசைவோவியப் படமுமாயிற்று. தோல் உருகி வழிய நடக்கும் மனிதரை ஓவியம் தயக்கமின்றிக் காட்டும். நடிகரிடத்தோ ஒப்பனையே முதலிற் கண்ணிற்படும். ஆயின், போரை எதிர்த்தமையால் துரோகியெனத் தூற்றப்படும் தந்தை, பசியால் வாடும் பிள்ளைகள், எரியும் வீட்டினுள் கணவனையும் மக்களையும் விட்டு நீங்க நேரும் தாய் ஆகியோரின் துயரை நடிகரின் முகம் முழுமையாகத் தாங்கவல்லது. எனவே, முரண்பாடு மனித உறவுகளில் வேரூன்றிய கதைகளே நடிகருக்கு உரியன எனலாம். மங்காவொன்றைத் தழுவிய ‘ஓல்ட்போய்’ (2003) கொரிய மண்ணிலும் உயிர்பெற்றமைக்குக் காரணம் இதுவே.

இவ்வளவுகோல் திருகோணமலை வாசகருக்கு அயலானதன்று. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மீது குண்டு வீசின. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கியொன்று எரிந்தது. குண்டு வீசிய அரசின் மக்களே மூன்றாண்டுகளின் பின் அணுகுண்டுக்கு இரையாயினர். அரசினின்றும் மக்களை வேறுபடுத்திக் காணக் கென்னின் தந்தை நமக்குக் கற்பிக்கிறார். இத்துறைமுகத்தின் அனுபவம் என்றேனும் படமாகுமாயின், அது விமான அணிவகுப்பிலிருந்தன்றித் தொழிலாளர் குடும்பமொன்றின் அடுப்படியிலிருந்து தொடங்குதல் வேண்டும்.